எண்ணி எழுதுதல்

நான் தமிழாசிரியர். ஆங்கில வகுப்பில் எழுதும் கட்டுரையைப் பற்றி நான் கருத்துச் சொல்ல முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணம் ஒரு விடைத்தாள் கட்டு. சில ஆண்டுகளுக்கு முன், உடன் பணியாற்றிய ஆங்கில ஆசிரியர் விடுப்பில் சென்றபோது, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை வரிசைப்படுத்தி வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மரம் வளர்ப்பதன் தேவையைப் படிப்பவர் ஏற்குமாறு எழுதுக என்பது வினா. அடுக்கும்போதே படித்தேன். முதல் தாள், மரம் மனிதனின் உற்ற நண்பன் என்று தொடங்கியது. இரண்டாம் தாளும் அவ்வாறே தொடங்கியது. பத்தாம் தாளை எடுத்தபோது, அடுத்த வரியைத் தாளைப் பாராமலே என்னால் சொல்ல முடிந்தது. எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில் விழுந்திருந்தது. வழிகாட்டி நூல் ஒன்றின் ஒரு பக்கம் நாற்பது கைகளால் படியெடுக்கப்பட்டிருந்தது.

அந்த வகுப்பில் சிறுமலை அடிவாரத்திலிருந்து வருபவர்கள் இருந்தனர். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருபவர்களும் இருந்தனர். மரமும் செடியும் மழையும் அவர்கள் வீட்டுச் செய்திகள். அவற்றுள் ஒன்றும் தாளில் இல்லை. யாரோ ஒருவர், எந்த ஊரிலோ அமர்ந்து எழுதிய மரம்தான் எல்லாத் தாள்களிலும் நின்றது.

ஆங்கில ஆசிரியர்கள் இவ்வகையைப் பர்சுவேசிவ் எஸ்ஸே என்பர். படிப்பவரை நம் கருத்துக்கு இணங்கவைக்கும் கட்டுரை என்பது பொருள். சுருக்கமாக வாதக்கட்டுரை எனலாம். மற்றக் கட்டுரைகளிலிருந்து இது ஓர் இடத்தில் வேறுபடுகிறது. திருவிழாவை வருணிக்கும் கட்டுரைக்கு எதிராளி இல்லை. நீராவி எஞ்சின் இயங்கும் முறையை விளக்கும் கட்டுரைக்கும் எதிராளி இல்லை. வாதக்கட்டுரைக்கு எதிராளி இல்லையென்றால் கட்டுரையே இல்லை. மரம் வேண்டாம் என்று சொல்பவர் யார்? ஒருவரும் இலர். எல்லாரும் ஏற்கெனவே இணங்கிவிட்ட ஒன்றுக்கு மீண்டும் இணங்கவைக்க முயல்வதால்தான் அந்தக் கட்டுரைகள் வெறும் புகழ்மாலைகளாகிவிடுகின்றன. ஆனால், சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டப்படவிருக்கும் இந்தப் புளியமரங்களை வெட்டக் கூடாது என்று ஒருவர் எழுதினால், உடனே எதிரே ஒருவர் எழுந்து நிற்பார். விபத்தில் உறவினரை இழந்தவராக அவர் இருக்கலாம். அவருக்கும் நியாயம் உண்டு. அவரைப் பார்த்துப் பேசத் தொடங்கும்போதுதான் வாதக்கட்டுரை பிறக்கிறது.

467 கிணறுகள்

ஆங்கிலத்தில் வாதம் செய்வதால் திண்டுக்கல்லில் இருப்பவருக்கு என்ன பயன் என்று கேட்பவருக்கு நான் சொல்வது ஒரு வழக்கின் செய்தி.

தோல் பதனிடும் தொழில் நம் நகரத்தின் பழைய தொழில்களுள் ஒன்று. பச்சைத்தோலை ஊறவைக்கவும் மயிர் நீக்கவும் பதப்படுத்தவும் உப்பும் சுண்ணாம்பும் குரோமியம் கலந்த வேதிப்பொருள்களும் பயன்படுகின்றன. நீரோ மிகுதியாகச் செலவாகிறது. பதப்படுத்தி முடித்த தோல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும் என்று நீதிமன்ற ஆவணம் குறிப்பிடுகிறது. அந்த நீர் தூய்மை செய்யப்படாமல் வெளியேறினால் நிலத்தில் இறங்கும். நிலத்தில் இறங்கியது கிணற்றில் ஊறும். தமிழகத்தின் தோல் ஆலைகள் இவ்வாறு ஆற்றையும் நிலத்தையும் கெடுக்கின்றன என்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பாலாற்றங்கரையில் தொடங்கிய வழக்குதான் எனினும், திண்டுக்கல் உள்ளிட்ட பிற மாவட்டங்களும் அதனுள் வந்தன. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் எவரும் இன்றும் அத்தீர்ப்பைத் தாண்டிச் செல்ல முடியாது. மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அது உறுதி செய்தது.

அந்த ஆங்கிலத் தீர்ப்பில் நம் ஊரைப் பற்றி ஒரு தொடர் வருகிறது. பீஸ் மெம்பர்ஸ் என்னும் தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் நடத்திய கணக்கெடுப்பில், குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கிணறுகள் கெட்டிருந்தன என்பது அத்தொடரின் செய்தி. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காகத் தொலைவு நடக்க வேண்டியிருந்தது என்பது அடுத்த செய்தி.

இத்தொடரை வகுப்பில் நான் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இதில் ஓர் உவமை இல்லை. அந்தோ என்ற ஒரு சொல் இல்லை. நீரின்றி உலகு இல்லை என்ற பொதுமொழி இல்லை. ஆனால் இதைப் படித்தவர் எழுந்து சென்றுவிட முடியாது. ஏன்? யார் எண்ணினார் என்று சொல்கிறது; எங்கே எண்ணினார் என்று சொல்கிறது; எத்தனையுள் எத்தனை என்று சொல்கிறது. சந்தேகப்படுபவர் அந்த 13 ஊர்களுக்குச் சென்று தாமே எண்ணிப் பார்க்கலாம். மற்றொன்றையும் கவனியுங்கள். 350 கிணறுகள் கெட்டன என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் கேட்பவர் அதிர்ந்திருப்பார். 467 என்ற எண்ணையும் சேர்த்துச் சொன்னதால், 117 கிணறுகள் கெடவில்லை என்பதும் உடன் தெரிந்துவிடுகிறது. தம் கட்சிக்குத் துணைசெய்யாத எண்ணையும் மறைக்காமல் வைத்திருப்பதால் மற்ற எண்ணின்மேல் நம்பிக்கை பிறக்கிறது. தமிழில் எண்ணுதல் என்ற சொல்லுக்கு நினைத்தல் என்றும் கணக்கிடுதல் என்றும் இரு பொருள் உண்டு. வாதக்கட்டுரை எழுதுபவர் இரண்டையும் செய்ய வேண்டியவர்.

யாரோ சிலர் வெயிலில் கிணறு கிணறாக நடந்து, எட்டிப் பார்த்து, கேட்டு, குறித்துக்கொண்டனர். அவர்கள் பெயர்கள் தீர்ப்பில் இல்லை. அவர்கள் எண்ணிய எண் இருக்கிறது. தில்லியில் அமர்ந்திருந்த நீதியரசர்களுக்குத் தமிழ்நாட்டுக் கிணறு ஒன்றின் நீரைக் கையில் எடுத்துக் காட்ட வழியில்லை. அந்த நீர் ஆங்கிலத் தொடராக மாறித்தான் அங்கே செல்ல முடிந்தது. நம் கிணற்றைப் பற்றி நாமே எழுதக் கற்கவில்லையென்றால், அதைப் பற்றி எழுதும் வேலையை வேறொருவரிடம் விட வேண்டியிருக்கும். அவர் நம் எதிராளியாகவும் இருக்கலாம்.

எதிராளிக்கு இடம் கொடுத்தல்

அதே தீர்ப்பில் நாம் கற்க வேண்டிய வேறொன்றும் உண்டு. தோல் தொழில் நாட்டுக்கு வெளிநாட்டுச் செலாவணி ஈட்டித் தருகிறது, பலருக்கு வேலை தருகிறது, ஆகவே அது இன்றியமையாதது என்பதை நீதிமன்றம் முதலில் ஒப்புக்கொள்கிறது. இந்தியாவின் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் திறன் தமிழ்நாட்டினுடையது என்பதையும் எடுத்துச் சொல்கிறது. அதன்பிறகே, அவ்வளவு இன்றியமையாததாக இருந்தாலும் சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்துக்குக் கேடாக நிற்கவும் அத்தொழிலுக்கு உரிமை இல்லை என்கிறது.

இந்த முறையை ஆங்கிலேயரிடமிருந்து கடன்வாங்கியதாக எண்ண வேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில், நூல் செய்வோர் கொள்ளும் எழுவகை மதங்கள் சொல்லப்படுகின்றன. நீங்கள் அவற்றை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பீர்கள். பிறர் கருத்துக்கு உடன்படுதல் முதலாவது. மறுத்தல் அடுத்தது. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதைக் களைதல் மூன்றாவது. தோல் தொழில் பற்றி நீதிமன்றம் செய்தது இந்த மூன்றாவதற்கு மிக அருகில் வருகிறது. மணிமேகலையின் இறுதிக் காதைகளைப் பாருங்கள். வஞ்சி மாநகரில் பல சமயத்தவரையும் அவரவர் கொள்கையைச் சொல்லச் சொல்லி மணிமேகலை கேட்கிறாள். கேட்டு முடித்தபின்னரே அவள் தன் வழியைத் தேர்கிறாள். பின்வரும் காதையில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். புகை தெரிவதால் மலையில் நெருப்பு உண்டு, அடுக்களையில் அவ்வாறு கண்டிருக்கிறோம் என்று மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டுமாகப் பிரித்துக் காட்டும் முறை அங்கே விளக்கப்படுகிறது. ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் வரைபடமும் ஏறத்தாழ இதுவே. தமிழ்ப் பாடவேளையில் கற்றதை ஆங்கிலப் பாடவேளைக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று ஒருவரும் தடுக்கவில்லை. எடுத்துச் செல்லலாம் என்று நாங்கள்தாம் உங்களுக்குச் சொல்லாமல் விட்டோம்.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வெற்றெனத் தொடுத்தல் என்றொரு குற்றம் உண்டு. மரம் மனிதனின் உற்ற நண்பன் என்று தொடங்கும் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன்.

மொழி மாறும் இடங்கள்

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுவது இழிவன்று. நம்முள் பெரும்பாலோர் அவ்வாறே எழுதுகிறோம். ஆனால் சில இடங்களில் இரு மொழிகளின் நடையும் வேறாகிறது. அந்த இடங்களை அறியாமல் சென்றால் கால் இடறும்.

தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். காரணங்களை ஒவ்வொன்றாக எச்சங்களில் கோத்து, ஆகையால் என்று திரும்பி, முடிவை இறுதியில் வைப்பது நமக்கு இயல்பு. கேட்பவர் பொறுமையோடு காத்திருப்பார். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்துவிடும். கட்டுரையும் அந்த வாக்கியத்தைப் போன்றதே. கோரிக்கையை முதலில் வைத்து, காரணத்தைப் பின்னால் சொல்வதையே ஆங்கிலம் படிப்பவர் எதிர்பார்க்கிறார். மூன்று பத்திவரை கோரிக்கையைச் சொல்லாத கட்டுரையைப் படிக்கும் அலுவலர், இவருக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டுத் தாளை மூடிவிடுவார்.

அடுத்து, வேண்டும் என்னும் சொல். தமிழில் இது மிகப் பரந்த சொல். நீர் வேண்டும் என்ற தேவையும், நீங்கள் வர வேண்டும் என்ற அழைப்பும், இதைச் செய்தாக வேண்டும் என்ற கட்டளையும் இதனுள் அடங்கும். ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்கள். நம் மாணவர்கள் எல்லா வேண்டும்களுக்கும் மஸ்ட் என்ற ஒரே சொல்லை இடுகிறார்கள். மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தில் ஏழு இடங்களில் மஸ்ட் வந்தால் அது ஆட்சியருக்கு இடப்பட்ட ஆணையாகத் தோன்றும். எழுதியவரோ பணிவோடுதான் எழுதியிருப்பார். ஷுட் என்பதற்கும் மஸ்ட் என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் வாதக்கட்டுரையின் மரியாதை இருக்கிறது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த இடம். தமிழில் ஆம் என்றொரு சிறு சொல் சொற்களின் ஈற்றில் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்ததாம், கிணறு உப்பாகிவிட்டதாம். நான் நேரில் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்ற முழுச் செய்தியை அந்த ஓரசை சுமக்கிறது. ஆங்கிலத்தில் இத்தகைய ஈறு இல்லை. ஆகவே கேள்விப்பட்ட செய்தியை மொழிபெயர்க்கும்போது அந்த ஆம் உதிர்ந்து, ஊர்ப்பேச்சு உறுதியான உண்மையைப் போலத் தாளில் வந்து அமர்ந்துவிடுகிறது. எதிராளி முதலில் கைவைப்பது அந்த இடத்தில்தான். ஈறு இல்லாத மொழியில், சொன்னவர் யார் என்பதை வெளிப்படையாக எழுதுவதே வழி. 467 கிணறுகளைப் பற்றிய தொடரில் கணக்கெடுத்த அமைப்பின் பெயர் இடம்பெற்றது இத்தகைய பயனைத் தருகிறது.

வாதாடிய ஆங்கிலம்

இம்மண்ணில் வாதக்கட்டுரை புதியதன்று. காசுலு இலட்சுமிநரசு செட்டியார் 1844-இல் சென்னையில் கிரசண்ட் என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852-இல் அவர் முன்னின்று அமைத்த சென்னைவாசிகள் சங்கம், அதே ஆண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு நீண்ட விண்ணப்பத்தை அனுப்பியது. நிலவரி வசூலிக்க உழவர்களைத் துன்புறுத்துகிறார்கள் என்பது அவர்கள் வைத்த குறைகளுள் ஒன்று. இது மிகைக்கூற்று என்று கருதியோர் இருந்தனர். 1854-இல் விசாரணைக் குழு அமைந்தது. மறுஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, வரி வசூலிப்பில் சித்திரவதை நடைமுறையில் இருந்ததை ஒப்புக்கொண்டது. ஆளுவோரின் மொழியில், அவர்களுடைய அவையிலேயே கேட்கப்பட்ட கேள்வி அது.

நம் மாவட்டத்து வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த பி. ஆர். ராஜம் ஐயரைக் கமலாம்பாள் சரித்திரத்தின் ஆசிரியராக நீங்கள் அறிவீர்கள். 1896-இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய பிரபுத்த பாரதா என்னும் ஆங்கில இதழுக்கும் அவர்தாம் முதல் ஆசிரியர். 1898-இல் மறையும்போது அவருக்கு வயது இருபத்தாறு. அந்த வயதுக்குள் ஒரே எழுதுகோல் இரு மொழிகளிலும் இயங்கியிருக்கிறது. ஒன்றில் வல்லவராக மற்றொன்றைக் கைவிட்டாக வேண்டும் என்பாருக்கு நான் காட்டுவது அவரைத்தான்.

மனப்பாடத்தின் நியாயம்

என் கருத்துக்கும் எதிராளிகள் உண்டு. அவர்கள் ஆசிரியர் அறையில் என் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது இது: வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளை, மூன்று மணி நேரத் தேர்வில், தானாக ஒரு பத்தி எழுதினால் பத்துப் பிழை வரும். மனப்பாடம் செய்த பத்தியில் பிழை வராது. அந்த மதிப்பெண்தான் அவனைக் கல்லூரிக்குள் கொண்டுசெல்லும். அவனுடைய எதிர்காலத்தைப் பணயமாக வைத்து நீங்கள் சிந்தனை கற்பிக்க வேண்டா.

இதை நான் எளிதில் தள்ளிவிட முடியாது. நானும் அவ்வாறு மனப்பாடம் செய்து தேறியவன்தான். என் காலத்தில் நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றுகூட என்னுடையதன்று. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு மனப்பாடம் ஓர் ஊன்றுகோல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊன்றுகோலை எந்த நாளில் கீழே வைப்பது என்று எவரும் சொல்லித்தரவில்லை. பட்டப்படிப்பு முடித்து, வேலைக்கு நேர்காணல் கடிதம் எழுத வேண்டிய நாளில், என் மாணவன் ஒருவன் என்னிடம் வந்து கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது. “ஐயா, இதற்கு மாதிரி எங்கே கிடைக்கும்?” அவன் கேட்டது அவனைப் பற்றிய கடிதத்துக்கு.

பிழைகளைப் பற்றியும் ஒரு சொல். பிழையற்ற இரவல் கட்டுரைக்கு முழு மதிப்பெண்ணும், நான்கு பிழைகளோடு வந்த சொந்தக் கட்டுரைக்குப் பாதி மதிப்பெண்ணும் போடுகிறோம் என்றால், மாணவர்களை இரவலுக்குத் துரத்துபவர்கள் நாங்களே. இதில் என் துறையினரையும் சேர்த்தே குற்றம் சொல்கிறேன். தமிழ்க் கட்டுரைகளுக்கும் நாங்கள் அப்படித்தான் மதிப்பெண் இடுகிறோம்.

பூட்டும் விலக்கும்

எழுதத் தொடங்கும் முறையை ஒரு பொருளை வைத்தே பார்ப்போம். பழந்தொழில்களைக் காக்க வேண்டும் என்பது ஆங்கில வகுப்பில் கொடுக்கப்படும் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். இதுவும் மரத்தைப் போன்றதே. எல்லாரும் தலையசைப்பர், ஒருவரும் இணங்க வேண்டியதில்லை. நாகல்நகரிலோ நல்லாம்பட்டியிலோ ஒரு பூட்டுப் பட்டறையின் வாசலில் அரைநாள் நின்று பாருங்கள். திண்டுக்கல் பூட்டு கையால் செய்யப்படுவது. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் அலிகார் நகரத்திலிருந்து இயந்திரத்தில் செய்து வரும் பூட்டு விலையில் மலிவாக இருப்பதால் கடைகளில் அதுவே முன்னே நிற்கிறது. இப்போது கோரிக்கையை எழுதுங்கள்: அரசு அலுவலகங்கள் அனைத்தும் திண்டுக்கல் பூட்டையே வாங்க வேண்டும்.

எதிராளி உடனே கேட்பார். ஒரு பள்ளிக்கு ஐம்பது பூட்டுகள் தேவை. விலை மிகுந்த பூட்டை வாங்கினால் அந்தக் கூடுதல் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அவ்வளவு பூட்டுகளையும் உரிய நாளில் செய்துதர ஆள்கள் இருக்கிறார்களா? இரண்டும் நல்ல கேள்விகள். இவற்றை மறைத்துவிட்டு நம் பூட்டின் பெருமையைப் பாடுவதில் பயனில்லை. ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் உங்கள் கோரிக்கை சுருங்கும். எல்லா அலுவலகத்து எல்லாக் கதவுகளுக்கும் வேண்டா. கருவூல அறை, கோயில் உண்டியல், பழைய ஆவணங்கள் இருக்கும் அறை ஆகியவற்றுக்கு மட்டும் போதும். அங்கே தேவைப்படுவது மலிவன்று. மாற்றுச் சாவியில் திறக்காத உறுதி. கையால் தனித்தனியே செய்யப்படும் பூட்டுக்கு அங்கே விலையைத் தாண்டிய காரணம் இருக்கிறது. சுருங்கிய கோரிக்கை தோல்வி என்று மாணவர்கள் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில், வெற்றி பெறக்கூடிய கோரிக்கைகள் பெரும்பாலும் அப்படிச் சுருங்கியவையே. பட்டறைக்காரரிடம் ஒரு பூட்டுக்கு எத்தனை நாள் ஆகிறது, மாதத்துக்கு எத்தனை செய்ய முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் மட்டும் இதை எழுதாதீர்கள்.

அந்த விடைத்தாள் கட்டுக்குத் திரும்புகிறேன். அவற்றை அடுக்கி முடித்த மறுநாள், வகுப்புக்குத் தாமதமாக வந்த மாணவி ஒருத்தியை நிறுத்தி, ஏன் தாமதம் என்று கேட்டேன். அவள் பேசத் தொடங்கினாள். காலைப் பேருந்து அவர்கள் ஊர் விலக்கில் நிற்பதில்லை. அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். விலக்கில் ஏறுபவர் குறைவு, ஒவ்வொரு விலக்கிலும் நின்றால் தொலைவூர்ப் பயணிகளுக்கு நேரமாகும் என்று நடத்துநர் சொல்கிறார். அது சரிதான் ஐயா, ஆனால் காலையில் அந்த ஒரு பேருந்து மட்டும் நின்றால் போதும், மாலையில் நாங்கள் நடந்துகொள்கிறோம் என்றாள். கோரிக்கை, எதிராளியின் நியாயம், அதற்கு விடை, சுருங்கிய வேண்டுகோள் என்று வாதத்தின் உறுப்புகள் ஏறத்தாழ அனைத்தும் அவள் பேச்சில் இருந்தன. முந்தைய நாள் அவள் தாளிலும் மரம் மனிதனின் உற்ற நண்பனாகத்தான் இருந்தது.

இதையே ஆங்கிலத்தில் எழுதி வா என்றேன். எழுதி வந்தாள். போக்குவரத்து மனித வாழ்வுக்கு இன்றியமையாதது என்று தொடங்கியிருந்தாள். அந்த வரியை நான் அடித்தேன். அவள் முகம் வாடியது. அந்த ஒரு வரிதான் பிழையில்லாத வரி. மீண்டும் எழுதினாள். இரண்டாம் முறை எழுதும்போது, ஏறுபவர் குறைவு என்று நடத்துநர் சொன்னதற்கு என்ன விடை சொல்வாய் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. ஐந்து நாள்கள் காலையில் விலக்கில் நின்று எண்ணினாள். பள்ளிப் பிள்ளைகள் மட்டுமன்றி, தலையில் பூக்கூடையோடு சந்தைக்குச் செல்பவர்களும் அவள் கணக்கில் வந்தார்கள். அவர்களை அதுவரை அவள் பயணிகளாக நினைத்ததே இல்லை.

மூன்றாம் முறை எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. பேருந்தை இயக்கும் அலுவலகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். பிழைகளைத் திருத்திக் கொடுத்து, அனுப்பு என்றேன். நான்கு பிழைகளைத் திருத்தினேன். ஐந்தாவதாக ஓர் இடத்தில் அவள் மஸ்ட் என்று எழுதியிருந்தாள். ஷுட் என்று மாற்றப் போனபோது, “ஐயா, அது அப்படியே இருக்கட்டும்” என்றாள். அது பிள்ளைகளைப் பற்றிய வரியன்று. பூக்கூடைப் பெண்களைப் பற்றிய வரி. விட்டுவிட்டேன்.